படத்துக்குக் கீழே ஒரு வரி

பெட்டியைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

2022 மார்ச் 6. உக்ரைன் தலைநகர் கீவை ஒட்டிய இர்பினிலிருந்து மக்கள் தப்பி வந்துகொண்டிருந்த பாதையில் ஒரு மோர்ட்டார் குண்டு விழுந்தது. ஒரு தாயும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக வந்த தேவாலயத் தன்னார்வலர் ஒருவரும் பலியானார்கள். குண்டு விழுந்தபோது அங்கேயே இருந்த புகைப்படக்காரர் லின்சி அடாரியோ, புழுதி அடங்கியதும் அதைப் படமெடுத்தார். சாலையோரம் கிடக்கும் உடல்கள், அவற்றின்மேல் குனிந்திருக்கும் படைவீரர்கள், முதுகுப்பைகள், விழாமல் நிமிர்ந்து நிற்கும் ஒரு சக்கரப் பெட்டி. நியூயார்க் டைம்ஸ் அந்தப் படத்தை, முகங்களை மறைக்காமல், முதல் பக்கத்தில் போட்டது. இறந்த பெண்ணின் கணவர் அப்போது நாட்டின் கிழக்கே, உடல்நலமில்லாத தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ட்விட்டரில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் தன் வீட்டுப் பெட்டிகளை அவர் அடையாளம் கண்டுகொண்டார். சாவுச் செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்லவேண்டும் என்பது பத்திரிகைத் தொழிலின் பழைய நாகரிகம். அது இங்கே உடைந்துபோனது. அதில் சமாதானம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதே நாட்களில் ரஷ்ய அரசு, பொதுமக்களை நாங்கள் குறிவைக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்குக் குறுக்கே இந்தப் படம் நின்றது. பின்னர் அந்தத் தந்தையே பத்திரிகையாளர்களிடம் பேசினார். இங்கே நடப்பது உலகத்துக்குத் தெரியட்டும் என்றார். எல்லாத் தந்தையரும் அப்படிச் சொல்வார்கள் என்று எந்தப் புகைப்படக்காரரும் கணக்குப்போட்டுவிடக் கூடாது.

போர்க்களத்தில் கேமரா எதற்கு என்று கேட்டால், போரை நிறுத்துவதற்கு என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதற்கு இன்னும் சிறிய, இன்னும் கறாரான ஒரு வேலை இருக்கிறது: ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்ற பேச்சை எடுபடாமல் செய்வது. எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, யார் முகத்தைக் காட்டலாம் என்ற கேள்விகளை எல்லாம் இந்த வேலையை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. சில அவிழ மறுக்கின்றன.

முதலில் அந்த ‘நிறுத்தும்’ நம்பிக்கையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1924இல் ஜெர்மனியைச் சேர்ந்த போர் எதிர்ப்பாளர் எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிக் ஒரு படத்தொகுப்பை வெளியிட்டார். முதல் உலகப் போரில் தாடை போன, மூக்கு போன வீரர்களின் முகங்கள். கீழே நான்கு மொழிகளில் குறிப்பு. பார்த்தவன் மறுபடி துப்பாக்கி ஏந்தமாட்டான் என்று நம்பினார். பெர்லினில் போர் எதிர்ப்பு அருங்காட்சியகம் ஒன்றையும் நடத்தினார். 1933இல் நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள். ஆறே ஆண்டில் அடுத்த போர்.

அந்த அடுத்த போரில் கதை இன்னும் தலைகீழ். நியூகினியின் புனா கடற்கரையில் மணலில் கிடந்த மூன்று அமெரிக்க வீரர்களின் உடல்களை ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்தார். தணிக்கை அதிகாரிகள் அந்தப் படத்தை மாதக்கணக்கில் பூட்டிவைத்தார்கள். கடைசியில் லைஃப் இதழ் 1943 செப்டம்பர் 20 தேதியிட்ட இதழில் அதை அச்சிட அரசே அனுமதித்தது. ஏன் தெரியுமா? உள்நாட்டில் மக்கள் போரை மறந்து சொகுசாகிவிட்டார்கள், அவர்களைக் கொஞ்சம் உலுக்கவேண்டும் என்று வாஷிங்டன் நினைத்தது. பிணங்களின் படம் போரைத் தொடர்வதற்கும் பயன்படும். கண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் படம் முடிவு செய்வதில்லை.

அப்படியானால் சாட்சி என்ற வேலையாவது ஒழுங்காக நடந்ததா? தொடக்கமே சரியில்லை.

1855இல் ரோஜர் ஃபென்டன் கிரிமியாவில் எடுத்த இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே இடத்தில் நின்ற கேமரா. ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கின்றன, சாலை காலியாக இருக்கிறது. இன்னொன்றில் சாலை முழுக்கக் குண்டுகள். புகழ்பெற்றது இரண்டாவது. எது முதலில் எடுக்கப்பட்டது என்பது பெரிய சர்ச்சை. 2007இல் ஆவணப்பட இயக்குநர் எரல் மோரிஸ் இதைத் துப்பறியக் கிளம்பினார். விடை குண்டுகளில் கிடைக்கவில்லை, சரிவில் கிடந்த சில கூழாங்கற்களில் கிடைத்தது. காலிச் சாலைப் படத்தில் சற்று மேலே இருக்கும் கற்கள், குண்டுகள் நிறைந்த படத்தில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தன. கல் தானாக மேலேறாது. ஆகவே காலிச் சாலைதான் முதல் படம். அதற்குப் பிறகு யாரோ சரிவில் நடந்து, கற்களைக் காலால் தட்டிவிட்டு, குண்டுகளைச் சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

குண்டுகளை நகர்த்தியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் பிரிட்டிஷ் படை பெரும் கொலை நடத்தியது. ஃபெலிச்சே பியாட்டோ அங்கே போய்ச் சேர்ந்தது சில மாதங்கள் கழித்து, 1858இல். அவர் எடுத்த படத்தில், சிதைந்த மாளிகையின் முற்றத்தில் மனித எலும்புகள் பரவிக் கிடக்கின்றன. அவை படத்துக்காகவே பரப்பப்பட்டவை என்றுதான் வரலாற்றாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு ஓர் இளம் வீரனின் உடலைத் தூக்கிச் சென்று பாறை இடுக்கில் கிடத்தி, தலையைக் கேமரா பக்கம் திருப்பி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியைச் சாய்த்துவைத்தது. ‘குறிபார்த்துச் சுடும் எதிரி வீரனின் கடைசிப் புகலிடம்’ என்ற தோரணையில் ஒரு கதையும் சேர்ந்தது. நூறாண்டுக்குப் பின் வில்லியம் ஃபிராசானிட்டோ என்ற ஆய்வாளர் அந்தப் போர்க்களத்தில் எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அதே உடல் முதலில் வேறோர் இடத்தில், சரிவில், சாதாரணக் காலாள் வீரனாகக் கிடந்தது தெரியவந்தது.

அந்தப் பையன் செத்தது உண்மைதானே, இடம் மாறினால் என்ன, என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பாறை இடுக்கு அவனுக்கு ஒரு வேலையையும் ஒரு வீரச் சாவையும் கொடுத்துவிட்டது, இரண்டும் அவனுடையவை அல்ல. அதைவிட முக்கியம், இப்படி ஒரு படம் அம்பலமானால் அன்று முழுக்க எடுத்த மற்ற எல்லாப் படங்களும் சந்தேகக் கூண்டில் ஏறுகின்றன. பொய் சொன்னவன் ஒருவன், நம்பிக்கை இழப்பது மொத்தத் தொழிலும்.

இன்றைய செய்தி நிறுவனங்கள் இந்த விஷயத்தில் ஈவிரக்கமில்லாமல் நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான். 2003இல் ஈராக்கிலிருந்து இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டி அனுப்பிய லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புகைப்படக்காரர் உடனே வேலையிழந்தார். 2006இல் பெய்ரூட்டின் மேல் எழுந்த புகையைக் கணினியில் பெருக்கிக் காட்டிய ஃபிரீலான்ஸரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. 2014இல் நடந்தது இன்னும் கடுமை. சிரியாவில் எடுத்த படத்தின் மூலையில் சக செய்தியாளர் ஒருவரின் வீடியோ கேமரா தெரிந்தது என்று ஒருவர் அதை அழித்துவிட்டார். அசோசியேட்டட் பிரஸ், அதாவது ஏபி, அவருடைய மற்றப் படங்களையும் சல்லடை போட்டது. வேறு தவறு கிடைக்கவில்லை. ஆனாலும் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அமெரிக்கப் பத்திரிகையுலகின் உயர் விருதான புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்த மனிதர் அவர். ஒரு மூலை, ஒரு கேமரா, அவ்வளவுதான்.

மிகையாகத் தோன்றுகிறதா? 2022 மார்ச் 9 அன்று மரியுபோலில் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின்மேல் குண்டு விழுந்தது. அப்போது அந்த நகரில் எஞ்சியிருந்த சர்வதேசச் செய்தியாளர்கள் ஏபியின் குழு ஒன்றுதான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்படும் நிறைமாதக் கர்ப்பிணியை எவ்கெனி மலோலெட்கா படமெடுத்தார். உடனே ரஷ்யத் தரப்பு, அந்த மருத்துவமனையில் நோயாளிகளே இல்லை, படத்தில் இருப்பவர்கள் நடிகைகள் என்றது. அதற்கு அந்தக் குழு கொடுத்த பதில் வாய்ப்பேச்சு அல்ல. அடுத்த நாட்களில் அந்தப் பெண்களைத் தேடிப் போனார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரும் அவருடைய குழந்தையும் இறந்துபோனதை, சிகிச்சையளித்த மருத்துவர்களிடமே கேட்டு எழுதினார்கள். படிக்கட்டில் இறங்கி வந்த இன்னொரு கர்ப்பிணிக்குப் பெண் குழந்தை பிறந்ததையும் போய்ப் பார்த்துப் பதிவுசெய்தார்கள். படம் எடுக்க ஆனது நொடியின் ஒரு துளி. அதன்கீழே இருக்கும் வரியை எழுத ஆனது பல நாள்.

போர்ப் படங்களைப் பற்றிப் பேசும்போது லென்ஸ், வெளிச்சம், துணிச்சல் எல்லாம் பேசுகிறோம். அந்த ஒரு வரியை யாரும் பேசுவதில்லை. எங்கே, எப்போது, யார், யார் செய்தது, நான் எப்படி அங்கே இருந்தேன். வரி இல்லாத படத்தை எந்தப் போருக்கு வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம். சிரியாவில் இறந்த குழந்தையின் படம் காஸாவின் பெயரில் சுற்றுகிறது, காஸாவின் படம் இன்னொரு நாட்டின் பெயரில். உணர்ச்சி அப்படியே இருக்கிறது, சாட்சியம் செத்துவிடுகிறது.

வரி சரியாகவே இருந்தும் சங்கடம் தீராத படம் ஒன்று உண்டு. 1968 பிப்ரவரி 1, சைகோன் தெரு. தென்வியட்நாம் தேசியக் காவல்துறைத் தலைவர் நுயென் நாக் லோன், கைகள் பின்னால் கட்டப்பட்ட கைதி ஒருவனின் தலைக்கருகே கைத்துப்பாக்கியை நீட்டிச் சுடுகிறார். குண்டு பாயும் கணத்தில் எட்டி ஆடம்ஸின் ஷட்டர் விழுந்தது. கைதியின் முகம் ஒரு பக்கமாகக் கோணுகிறது, முடி கலைகிறது. லோனின் முன்கை நரம்பு தெரிய முறுகியிருக்கிறது. அவர் முகத்தில் பாதிதான் நமக்குத் தெரியும். தொலைக்காட்சிக் கேமராவும் அதே காட்சியைப் பதிவுசெய்தது; ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அசையாத படத்தைத்தான்.

புலிட்சர் பரிசு வாங்கிய ஆடம்ஸ் பின்னாளில் அந்தப் படத்தைத் தன் வீட்டில் மாட்டிக்கொள்ள விரும்பும் ஆளாக இல்லை. தளபதி அந்தக் கைதியைக் கொன்றார், நான் என் கேமராவால் தளபதியைக் கொன்றேன் என்று 1998இல் லோன் இறந்தபோது எழுதினார். தாக்குதல் நடந்துகொண்டிருந்த நகரம், அந்தக் கைதி செய்ததாகச் சொல்லப்பட்ட கொலைகள், எதுவும் சட்டகத்துக்குள் இல்லை என்பது அவர் வருத்தம். அமெரிக்காவுக்குக் குடியேறி உணவகம் நடத்திய லோனை அந்தப் படம் சாகும்வரை துரத்தியது.

ஆடம்ஸின் குற்ற உணர்ச்சியை மதிக்கிறேன், அவர் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. கட்டப்பட்ட கைதியை விசாரணையில்லாமல் தெருவில் சுடுவது, அவன் என்ன செய்திருந்தாலும், போர்ச் சட்டப்படி குற்றம். படம் அந்தக் குற்றத்தைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் கேமரா இல்லாத இடங்களில் செய்ததை ஒருவர் கேமரா முன்னால் செய்தார், எல்லாருடைய பழியும் அவர் தலையில் விடிந்தது. ஆடம்ஸை உறுத்தியது இந்த அநியாயம்தான் என்று தோன்றுகிறது. இதற்குப் படத்தில் மருந்து இல்லை. பக்கத்தில் எழுதப்படும் நீண்ட செய்தியில்தான் இருக்கிறது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1972 ஜூன் 8 அன்று, தென்வியட்நாமின் டிராங் பாங்கில் நேபாம் எரிகுண்டுத் தீயில் வெந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக் ஆடையில்லாமல் ஓடிவரும் படம். முழு நிர்வாணப் படங்களை அனுப்பக் கூடாது என்ற விதியை ஏபி அலுவலகம் இந்த ஒன்றுக்காகத் தளர்த்தியது. வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சன், இது ஜோடித்த படமாக இருக்குமோ என்று தன் உதவியாளரிடம் கேட்டது ஒலிநாடாவில் இருக்கிறது. ஜோடிக்கவில்லை, அதே ஓட்டத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் பிலிமிலும் எடுத்திருந்தார்கள். நமக்குப் பழக்கமான அச்சில் வலது ஓரம் வெட்டப்பட்டிருக்கும். முழு நெகட்டிவில் அந்த ஓரத்தில், பிள்ளைகள் அலறி ஓடும்போது தன் கேமராவில் கண்ணாக இருக்கும் இன்னோர் ஆள் நிற்கிறார். அவரை நீக்கியதால் பொய் எதுவும் நுழைந்துவிடவில்லை. ஆனால் அந்தச் சாலையில் கேமராக்காரர்களும் இருந்தார்கள் என்ற நெருடலான உண்மை வெளியே போய்விட்டது. 2025இல் இதன் கீழ்வரியிலேயே சண்டை வந்தது: எடுத்தவர் நிக் ஊட்தானா என்ற கேள்வியில் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்திவைத்தது, ஏபி விசாரித்துவிட்டு அவர் பெயரையே வைத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டு ஆகியும் வரி முடியவில்லை.

படமெடுத்துக்கொண்டு நின்றாயே, தூக்கிவிட்டாயா? புகைப்படக்காரர்களிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி. நிக் ஊட் அந்தச் சிறுமியை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். 1993இல் தெற்கு சூடானில், பசியில் சுருண்ட குழந்தைக்குப் பின்னால் பிணந்தின்னிக் கழுகு அமர்ந்திருப்பதை எடுத்த கெவின் கார்ட்டர் கழுகை விரட்டினார், குழந்தையைத் தூக்கவில்லை. மறு ஆண்டு புலிட்சர் வந்தது, கண்டனமும் வந்தது. பரிசு பெற்ற சில மாதங்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்தத் தற்கொலையை இந்த ஒரே படத்தோடு முடிச்சுப்போட்டுச் சொல்லும் கதைகளை நான் நம்புவதில்லை. பணக் கஷ்டம், போதை, நெருங்கிய நண்பரின் சாவு எல்லாம் அதில் இருந்தன. கையில் கேமரா இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்த நாமும் குழந்தையைத் தூக்கவில்லை என்பது வேறு விஷயம். கண்ணெதிரே ஓர் உயிர், கைக்கெட்டும் உதவி, வேறு யாரும் இல்லை என்றால் கேமராவைக் கீழே வைக்கவேண்டும் என்பதில் தொழிலில் இருக்கும் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை.

உண்மையிலேயே கடினமான கேள்வி வேறு. கேமரா அங்கே இருப்பதாலேயே ஒருவன் சாகிறான் என்றால்?

1971 டிசம்பர் 18, டாக்கா. போர் முடிந்து இரண்டு நாள். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் வெற்றிக் கூட்டம். பாகிஸ்தான் படைக்கு உடந்தையாக இருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட சிலரைக் கைகளைக் கட்டிக் கொண்டுவந்து, கூட்டத்தின் நடுவே அடித்தார்கள், பிறகு துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் சுற்றி நின்றார்கள். நாம் இருப்பதால்தான் இது நடக்கிறது, நாம் போய்விட்டால் நின்றுவிடும் என்று சிலர் கேமராவை மூடிக்கொண்டு வெளியேறினார்கள். ஹோர்ஸ்ட் ஃபாஸும் மிஷேல் லோரானும் நின்று எடுத்தார்கள். கொலை நின்றுவிடவில்லை. அவர்களுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் கிடைத்தது.

யார் செய்தது சரி? போனவர்களும் கொலையைத் தடுக்கவில்லை, நின்றவர்களும் தடுக்கவில்லை. நின்றவர்களால் ஒரு பதிவு மிஞ்சியது. வென்ற தரப்பும் கொலை செய்தது என்பதை மறுக்க முடியாமல் போனது. ஆனால் ‘இப்போது குத்தட்டும், வெளிச்சம் நன்றாக இருக்கிறது’ என்று கொலைகாரன் கேமராவின் வசதியைப் பார்க்கும் நிலை வந்தால், சாட்சி அந்தக் கொலையின் ரசிகனாகிவிடுகிறான். எந்தக் கணத்தில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது என்பதை வெளியே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியவில்லை. வெளியேறியவர்களை மதிக்கிறேன், படம் இருப்பதற்கு நன்றியும் சொல்கிறேன். முரண்தான். இருக்கட்டும்.

இவ்வளவு அறக்கேள்விகளும் கேமரா உள்ளே நுழைந்த பிறகுதான் எழுகின்றன. நுழையவே விடாமல் செய்தவர்களிடம் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். 1982 ஃபாக்லாந்து போருக்குப் போன பிரிட்டிஷ் படையோடு செல்ல இரண்டே இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு இடம் கிடைத்தது. அன்றைய தலைசிறந்த போர்ப் புகைப்படக்காரரான டான் மெக்கல்லினுக்கு இடமில்லை. 1991இலிருந்து 2009வரை, டோவர் விமானத் தளத்துக்கு வந்திறங்கும் அமெரிக்க வீரர்களின் சவப்பெட்டிகளைப் படமெடுக்கத் தடை. அரசு மட்டுமல்ல, பத்திரிகைகளும் தாமாகவே கதவைச் சாத்துவதுண்டு. 1991 வளைகுடாப் போரில், எரிந்த வண்டியின் முன்கண்ணாடி வழியாக வெளியேற முயன்று அப்படியே கருகிய ஈராக் வீரனைக் கென் ஜாரெக் எடுத்தார். பிரிட்டனில் அப்சர்வர் வெளியிட்டது. அமெரிக்காவில் அப்போது எந்தப் பெரிய பத்திரிகையும் தொடவில்லை. காலையில் படிக்கிறவர்களுக்கு மனம் கஷ்டப்படும் என்ற கவலை. கருகியவன் எந்தக் கவலையில் அந்தக் கண்ணாடியைப் பிடித்தான் என்பதும் அந்தப் படத்தில் இருந்தது.

கேமராவை முழுக்க வெளியே நிறுத்திய போருக்கு 2009 வன்னியைவிட வேறு உதாரணம் வேண்டாம். சுதந்திரமான செய்தியாளர்கள் யாரையும் இலங்கை அரசு உள்ளே விடவில்லை. ஐநா முகமைகளின் வெளிநாட்டு ஊழியர்களும் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியிலிருந்து வெளியேறிவிட்டார்கள். பொதுமக்கள் ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை என்று அரசால் சொல்ல முடிந்தது. பிறகு படங்கள் வந்தன. எடுத்தவர்கள் புகைப்படக்காரர்கள் அல்லர். பதுங்குகுழியில் இருந்தபடி மக்கள் எடுத்தவை ஒரு பகுதி. வெற்றிச் சின்னமாகப் படைவீரர்களே செல்பேசியில் எடுத்தவை இன்னொரு பகுதி. கைகள் கட்டப்பட்ட, ஆடை களையப்பட்ட கைதிகளைச் சுடும் காட்சியை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது அது போலி என்றது கொழும்பு. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் அமர்த்திய நிபுணர்கள் அதை ஆராய்ந்து, உண்மையானதாகவே தெரிகிறது என்றார்கள்.

அந்தக் காட்சிகளைப் பார்ப்பவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தமிழில் நாம் போதுமான அளவு பேசியதில்லை என்று நினைக்கிறேன். கேமரா நிற்கும் இடம் கொன்றவனின் இடம். அவன் எதைப் பார்த்துச் சிரித்தானோ அதை, அவன் கண்ணால், அவன் கோணத்தில் பார்க்கிறோம். 2004இல் வெளியான, ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படைவீரர்கள் எடுத்த படங்களும் இதே வகை. அவமானப்படுத்துவதன் ஒரு பகுதியாகவே அவை எடுக்கப்பட்டன. இவற்றை நீதிமன்றத்தில் காட்டுவது வேறு. நினைவுநாள் பதாகையில், யூடியூப் முகப்புப் படத்தில், ஆடையில்லாத ஒரு பெண்ணின் உடலைப் பெரிதாக்கிப் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்கிறவர்கள் நல்ல நோக்கத்தோடு செய்கிறார்கள். எடுத்தவன் விரும்பியதும் அதைத்தான்: எல்லாரும் பார்க்கவேண்டும்.

பிடிபட்ட போர்க்கைதியை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்கவேண்டும் என்கிறது மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு. இறந்தவருக்கு, காயம்பட்டவருக்கு, அழுகிறவருக்கு இவ்வளவு தெளிவான விதி இல்லை. அங்கே ஆசிரியர் மேசையின் மனசாட்சிதான். அந்த மனசாட்சிக்கு ஒரு பாரபட்சம் நெடுங்காலமாக உண்டு. தன் நாட்டு வீரன் என்றால் போர்வை, தூரத்து நாட்டு ஏழை என்றால் முழு முகம். 2009இல் ஆப்கானிஸ்தானில் சாகும் தறுவாயில் இருந்த ஓர் அமெரிக்க வீரனின் படத்தை, குடும்பம் வேண்டாம் என்று கேட்டும், ஏபி அனுப்பியது. பாதுகாப்புச் செயலரே கடிதம் எழுதிக் கண்டித்தார். அதே போரில் இறந்த ஆப்கான் கிராமத்தவர்களின் படங்களுக்காக எந்த அமைச்சர் எந்தப் பத்திரிகைக்கு எழுதினார்?

முகம் தெரியாமலும் சாட்சி சொல்ல முடியும். 2023 அக்டோபர் 17, காஸாவின் கான் யூனிஸ் நகரில் நாசர் மருத்துவமனை. ராய்ட்டர்ஸின் முகமது சலீம் எடுத்த படத்தில் ஒரு பெண் தரையில் குந்தி, வெள்ளைத் துணியில் முழுக்கச் சுற்றிய சிறிய உடல் ஒன்றை இறுக அணைத்திருக்கிறார். அது அவருடைய ஐந்து வயது மருமகள். குழந்தையின் முகம் துணிக்குள். பெண்ணின் முகம் அவர் முழங்கைக்குள். தெரிவது ஒரு கை, துணியைப் பற்றியிருக்கும் விதம். 2024இல் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோவின் உயர் விருது அதற்குக் கிடைத்தது. காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் சுதந்திரமாகப் போகவிடவில்லை. ஆகவே எடுத்தவர்கள் அங்கேயே பிறந்தவர்கள். எடுத்த தெருவில்தான் அவர்கள் வீடும் இருந்தது. செய்தியாளர்களைப் பாதுகாக்கும் சர்வதேச அமைப்பான சிபிஜே 1992இலிருந்து கணக்கு வைத்திருக்கிறது, வேறெந்தப் போரிலும் இத்தனை செய்தியாளர்கள் செத்ததில்லை. வெளியிலிருந்து வந்த நடுநிலைச் சாட்சி என்ற பழைய சித்திரம் இங்கே பொருந்தாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் சாட்சி சொன்னால் செல்லாது என்று எந்த நீதிமன்றம் சொல்கிறது?

2024 மே மாதம், ரஃபா மீதான தாக்குதலின்போது, இன்ஸ்டாகிராமில் 4 கோடிக்கு மேற்பட்ட முறை பகிரப்பட்ட ஒரு படம் செயற்கை நுண்ணறிவு வரைந்தது. மலைகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கூடாரங்கள், எழுத்துகளாக அடுக்கப்பட்டவை. மனிதர் இல்லை, ரத்தம் இல்லை, ரஃபாவில் அப்படி மலைகளும் இல்லை. பகிர்ந்தவர்களைக் குறைசொல்லத் தோன்றவில்லை. ரத்தமில்லாததால்தான் தளங்களின் வடிகட்டியில் அது சிக்கவில்லை. ஆனால் அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. இன்னொரு பக்கம், உண்மையான படத்தையும் ‘ஏஐ வேலை’ என்று தள்ளிவிட இப்போது ஒரு சொல் கிடைத்துவிட்டது. எடுத்த நொடியிலேயே படத்துக்கு மின்னணு முத்திரை இடும் கேமராவை 2023இல் லைக்கா கொண்டுவந்தது. உதவும். யார் எடுத்தது, மாற்றப்பட்டதா என்பதை அது சொல்லும். எதற்கு முன்னால் நின்று எடுத்தது என்பதை மனிதர்தான் சொல்லவேண்டும்.

அழகு, கோணம், விருது எதுவும் இல்லாத படங்கள் செய்த வேலையை எண்ணிப் பார்க்கிறேன். சிரியாவின் ராணுவக் காவல்துறையில் பிணங்களைப் படமெடுப்பதையே வேலையாகச் செய்துவந்த ஒருவர், ‘சீசர்’ என்ற மறைபெயரோடு, 50,000க்கும் மேற்பட்ட படங்களை வெளியே கடத்தினார். 2014இல் உலகம் அவற்றைப் பார்த்தது. தடுப்புக்காவலில் பட்டினியாலும் அடியாலும் இறந்தவர்கள். ஒவ்வொரு உடலிலும் அல்லது அட்டையிலும் எண்கள். அலுவலகக் கோப்புக்காக எடுத்தவை. அந்த எண்கள்தாம் கீழ்வரி. காணாமல்போன மகனைத் தேடிய குடும்பங்கள் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடையாளம் கண்டன. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றத்தில் சிரிய உளவுத்துறை அதிகாரி ஒருவருக்கு 2022 ஜனவரியில் ஆயுள் தண்டனை கிடைத்த வழக்கில் அவையும் சான்றாக வைக்கப்பட்டன.

அதற்கும் முன்னால் நான்கு படங்கள். 1944 ஆகஸ்ட், பிர்க்கெனாவ் வதைமுகாம். எரியூட்டும் வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் ஒரு கேமராவை ரகசியமாக உள்ளே கொண்டுவந்து, காவலர் கண்ணில் படாமல் எடுத்தவை. இரண்டில், இருட்டான கதவுச் சட்டத்துக்கு அப்பால் வெளிச்சத்தில், குழியில் எரியும் உடல்களும் புகையும். மூன்றாவது சாய்ந்துபோய், மூலையில் சிறியதாக, ஆடை களையப்பட்ட பெண்கள். பின்னாளில் புத்தகங்களில் அச்சிட்டவர்கள் கருப்புச் சட்டத்தை வெட்டிவிட்டு, உருவங்களைப் பெரிதாக்கி, சாய்வை நேராக்கினார்கள். பார்க்கத் தெளிவாக இருக்கவேண்டுமாம். நான்காவதில் மரங்களின் உச்சிக் கிளைகளும் வானமும் மட்டுமே. ஒன்றும் இல்லையென்று பல பதிப்புகள் அதைச் சேர்க்கவே இல்லை. கேமராவைக் கண்ணுக்கு உயர்த்த முடியாத ஒருவன் இடுப்புக்கருகே வைத்து, நடந்துகொண்டே அழுத்தியது அது.

பிலிமைப் பற்பசைக் குழாய்க்குள் வைத்து வெளியே அனுப்பினார்கள். கூடவே கிராக்கோ எதிர்ப்பியக்கத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு, செப்டம்பர் 4 தேதியிட்டது. எந்தப் படத்தில் என்ன இருக்கிறது, உடல்கள் ஏன் வெட்டவெளியில் எரிக்கப்படுகின்றன என்று அதில் எழுதியிருந்தார்கள். அதோடு ஒரு வேண்டுகோள்: ஆறுக்கு ஒன்பது அளவுக் கேமராவுக்கு இரண்டு சுருள் பிலிம், கூடிய சீக்கிரம் அனுப்புங்கள்.